துணைக்கு யார்?

பழைய பொருட்களை வாங்கி விற்பவர்களுக்கான பாதுகாப்புக் குறிப்புகளை நான் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை, அதைக் கேட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்கின்றன. உண்மைதான். பொது இடத்தில் சந்திக்கச் சொல்கின்றன. கைபேசிக்குச் சரி, பீரோவையும் தையல் மெஷினையும் பேருந்து நிலையத்துக்குத் தூக்கிப்போக முடியுமா? வாங்குபவர் வீட்டுக்குத்தான் வருவார்.

அதற்கும் பதில் உண்டு: ஓர் ஆணைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் தையல் மெஷினை விற்றபோது தம்பியை நிறுத்தினேன். பத்து வருடம் அதை மிதித்தவள் நான். வந்தவர் விலை பேசியது அவனிடம். இரண்டு வாரம் கழித்து, இரவு பதினொரு மணிக்கு, “தூங்கலையா?” என்று அவர் செய்தி அனுப்பியது எனக்கு.

பணம் கைமாறியதும் இந்தப் பிரதி முடிந்துவிடுகிறது. எங்கள் எண்ணும் வாசலும் கைமாறியது அதன் கணக்கில் இல்லை. விருப்பமில்லை எனத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணை ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது 2013 முதல் சட்டப்படி குற்றம். இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. நான் படித்த குறிப்புகளில் பண மோசடிக்கான 1930 இருந்தது. பெண்களுக்கான 181 இல்லை.

துணை வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடுவேன். பொருளை வாசலிலேயே காட்டுவேன். எண்ணைக் கடைசிவரை தரமாட்டேன். விலையை நானே பேசுவேன்.