வெல்ல வேண்டிய தொகுதிகளில் வசிப்பவர்கள்

2011 மார்ச் தொடக்கத்தில், கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் ஒரு கடிதம் வழி தவறியது. குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னியின் அலுவலகத்திலிருந்து புறப்பட்ட அந்தக் கடிதம் போய்ச் சேரவேண்டியவர், அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த ஜான் டங்கன். போய்ச் சேர்ந்ததோ எதிர்வரிசையில் இருந்த புதிய ஜனநாயகக் கட்சியின் லிண்டா டங்கனிடம். குடியேறிய சமூகங்களின் ஊடகங்களில் விளம்பரம் செய்ய 2 லட்சம் டாலர் திரட்ட உதவுங்கள் என்று சொந்தக் கட்சி உறுப்பினர்களைக் கேட்கும் கடிதம் அது. கட்சி வேலைக்கான கடிதத்துக்கு நாடாளுமன்ற முகப்புத்தாள் பயன்பட்டிருந்தது. கூடவே ஒரு வியூக விளக்கமும் இருந்தது. இந்த வாக்காளர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், இன்னும் பெருகுவார்கள், நாம் வெல்ல வேண்டிய இடங்களில்தான் வசிக்கிறார்கள் என்பது அதன் சாரம். சில தொகுதிகளுக்கு ‘மிகவும் இனக்குழுத் தன்மை கொண்டவை’ என்று முத்திரையும் குத்தியிருந்தார்கள்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எதிர்க்கட்சிகளுக்கு அவல் கிடைத்தது. அலுவலக உதவியாளர் பதவி விலகினார், கென்னி மன்னிப்புக் கேட்டார். ஆனால் இரண்டே மாதத்தில், மே 2 தேர்தலில், பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பரின் கட்சி 308-ல் 166 இடங்களைப் பிடித்து முதல் முறையாகப் பெரும்பான்மை ஆட்சி அமைத்தது. டொரண்டோவைச் சுற்றியுள்ள பிராம்ப்டன், மிசிசாகா போன்ற, குடியேறியவர்கள் நிறைந்த புறநகர்களும் அந்த வெற்றியில் அடக்கம். கடிதத்தில் இருந்த கணக்கு அசிங்கமாகத் தெரிந்தது. கணக்கில் பிழை இருக்கவில்லை.

குடியேறியவர்களின் வாக்கைக் கட்சிகள் எப்படிக் கேட்கின்றன என்று எடைபோடக் கனடாவைவிடப் பொருத்தமான நாடு கிடைப்பது அரிது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்களில் 23 விழுக்காட்டினர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். வெள்ளையர் அல்லாதோரும் பழங்குடியினர் அல்லாதோருமாக வகைப்படுத்தப்படுவோர் 26.5 விழுக்காடு. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் ஐந்தாண்டில் மூன்றாண்டு அங்கே வசித்திருந்தால் குடிமகனாக விண்ணப்பிக்கலாம். ஆகவே நேற்று விமானத்தில் வந்திறங்கியவர், அடுத்த தேர்தலில் இல்லாவிட்டால் அதற்கடுத்த தேர்தலில் வாக்காளர். அவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடப்பதும் இல்லை. டொரண்டோ, வான்கூவர் நகரங்களைச் சுற்றிய சில பத்துத் தொகுதிகளில் திரண்டிருக்கிறார்கள். அந்தத் தொகுதிகள்தான் ஆட்சியைத் தீர்மானிக்கின்றன.

‘வாக்கு வங்கி’ என்ற சொல்லை 1955-ல் மைசூர்ப் பகுதியின் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தியவர் சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ். ஊர்ப் பெரியவரைப் பிடித்தால் ஊர் வாக்கைப் பிடிக்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் அது. பிராம்ப்டனின் குருத்வாராவிலும் டொரண்டோவின் ஸ்காபரோ பகுதி விருந்து மண்டபத்திலும் அதே ஏற்பாடு கோட் சூட் போட்டுக்கொண்டு நடக்கிறது.

இதை வெறும் பித்தலாட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1947 வரை வாக்குரிமையே கிடையாது. வாக்கில்லாதவனைத் தேடி எந்த வேட்பாளரும் வரவில்லை. அங்கிருந்து பார்த்தால், அமைச்சர் ஒருவர் வார இறுதி முழுக்கக் கோயில், மசூதி, குருத்வாரா, சீனப் புத்தாண்டு விருந்து என்று அலைவது சாதாரண மாற்றமில்லை. கென்னி அப்படித்தான் அலைந்தார். சொந்தக் கட்சி வட்டாரமே அவருக்கு ‘அவசரக் கறி அமைச்சர்’ என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்தது. அவர் கண்டுபிடித்த விஷயம் எளியது: 1971-ல் பியர் ட்ரூடோ பல்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்த நாளிலிருந்து குடியேறியவர் வாக்கு லிபரல் கட்சியின் பாட்டன் சொத்தாக நடந்து வந்தது. கடை வைத்து, வரி கட்டி, கோயிலுக்குப் போய், பிள்ளைகளைக் கண்டிப்போடு வளர்க்கும் ஒரு குடும்பம் ஏன் பழமைவாதக் கட்சிக்கு வாக்களிக்கக் கூடாது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

கேள்வியோடு சில காரியங்களும் நடந்தன. நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் 2006 பட்ஜெட்டில் 975 டாலரிலிருந்து 490 ஆனது. கணவனும் மனைவியுமாக வரும் குடும்பத்துக்கு அது வெறும் அடையாளச் சலுகை இல்லை. அதைவிடப் பெரிய பலன் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் விளைந்தது. வலதுசாரிக் கட்சியே குடியேறியவர் வாக்கை நம்பி நிற்கும் நாட்டில், குடியேறியவர் எதிர்ப்பை முதலீடாக்கும் கட்சிக்கு இடம் குறுகிப்போகிறது. குடிவரவைக் குறைக்கச் சொல்லிக் களமிறங்கிய மாக்சிம் பெர்னியேவின் மக்கள் கட்சி 2019-ல் 1.6 விழுக்காடு வாக்கு வாங்கியது, 2021-ல் ஏறக்குறைய 5. இரண்டு முறையும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவின் பல நாடுகள் பொறாமைப்பட வேண்டிய நிலை இது.

சிக்கல் தொடங்குவது கொடுக்கப்படும் பொருளில். கட்சிகளின் கையில் மலிவாகக் கிடைப்பது அடையாளம், விலை கூடியது கொள்கை. மலிவானதுதான் முதலில் நீட்டப்படும். கட்சிகள் மிகவும் விரும்பும் மலிவுச் சரக்கு மன்னிப்பு.

சீனக் குடியேறிகள் மேல் 1885-ல் தலைவரி விதிக்கப்பட்டது. 50 டாலரில் தொடங்கி 1903-ல் 500 டாலர் ஆனது, 1923-ல் வருகையே தடை செய்யப்பட்டது. 2006 ஜூனில் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், கண்டோனீஸ் மொழியிலும் ஒரு வரி சொன்னார். வரி கட்டியவருக்கோ அவரது மனைவிக்கோ 20,000 டாலர் அறிவித்தார். கட்டியவர்களில் உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலர், இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. குறைதான், ஆனாலும் முறையான அவையில் முறையாகச் சொன்ன சொல். இரண்டாண்டு கழித்து, 1914-ல் 376 பயணிகளோடு வந்து வான்கூவரில் திருப்பி அனுப்பப்பட்ட கோமகாட்டா மாரு கப்பலுக்கான மன்னிப்பை அவர் கேட்ட இடம் சரே நகரப் பூங்கா ஒன்றின் விழா மேடை. அவையில் சொல்ல வேண்டியதைத் திருவிழாவில் சொல்வதா என்று சீக்கிய அமைப்புகள் அங்கேயே ஏற்க மறுத்தன. முறையான மன்னிப்பு ஜஸ்டின் ட்ரூடோ பிரதமரான பிறகு, 2016 மே 18 அன்று அவையில் வந்தது.

இந்தச் சரக்கின் கொள்முதல் விலை என்ன என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டியது பிரிட்டிஷ் கொலம்பியா மாநில லிபரல் கட்சி. வரலாற்று அநீதிகளுக்கு மன்னிப்புக் கேட்பதைத் ‘துரித வெற்றிகள்’ என்ற தலைப்பின்கீழ் எழுதிவைத்த உள்சுற்று ஆவணம் 2013 பிப்ரவரியில் கசிந்தது. பல்பண்பாட்டுத் துறையின் பொறுப்பில் இருந்த ஜான் யாப் பதவி விலகினார், மாநிலப் பிரதமர் கிறிஸ்டி கிளார்க் மன்னிப்பு வியூகத்துக்காகவே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மே மாதம் அவர் கட்சி தேர்தலிலும் வென்றது. மறு ஆண்டு, தேர்தல் எதுவும் கண்ணுக்கெட்டாத நேரத்தில், அந்த மாநிலச் சட்டமன்றம் சீனர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. தேர்தலுக்கு முன் கூச்சமாகிப்போன அதே செயல் தேர்தலுக்குப் பின் கௌரவமானது.

மலிவின் உச்சம் 2011-ல் டொரண்டோவின் மேற்குப் புறத்தில் நடந்தது. பிரதமர் கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு நாட்டுப்புறப் பாரம்பரிய உடையில் வாருங்கள், படத்துக்கு நல்ல காட்சியாக இருக்கும் என்று கன்சர்வேட்டிவ் பிரசாரக் குழு ஒன்று மின்னஞ்சல் அனுப்பியது. வாக்காளரைக் கேட்காமல் அவர் உடையைக் கேட்டிருக்கிறார்கள்.

தேர்தல் முடிந்த பிறகு நடந்தவை இன்னும் பேசும். 2011 மே மாதம் அந்த வாக்குகளால் பெரும்பான்மை பெற்ற அரசு, நவம்பரில் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் ஸ்பான்சர் செய்து அழைக்கும் விண்ணப்பங்களை இரண்டாண்டு வரை நிறுத்தியது. தேங்கிய கோப்புகளைத் தீர்க்கவே என்றார் கென்னி. பத்தாண்டு விசாவையும் மாற்றாகத் தந்தார், மருத்துவக் காப்பீடு சொந்தச் செலவில். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்க ஓர் அமைப்பு வரும் என்ற 2006 வாக்குறுதியிலிருந்து பிறந்ததோ, எங்கே போய்க் கேட்பது என்று வழிகாட்டும் அலுவலகம். டாக்ஸி ஓட்டும் மருத்துவருக்கு அது போதவில்லை.

பிறகு 2015 வந்தது. குடியுரிமை உறுதிமொழியின்போது முகத்திரை அணியலாமா என்பதைத் தேர்தல் பொருளாக்கியது அதே கட்சி. அக்டோபர் 2 அன்று அமைச்சர் கெல்லி லீச்சும் குடிவரவு அமைச்சர் கிறிஸ் அலெக்ஸாண்டரும் ‘காட்டுமிராண்டிப் பண்பாட்டு வழக்கங்களை’ப் போலீசுக்குத் தெரிவிக்கத் தொலைபேசி எண் அமைப்போம் என்று அறிவித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றி எதைச் சொல்வாரோ என்ற பயம் முஸ்லிம் வீடுகளோடு நிற்கவில்லை. அக்டோபர் 19 தேர்தலில் பிராம்ப்டனின் ஐந்து தொகுதிகளும் லிபரல் கட்சிக்குப் போயின. அலெக்ஸாண்டர் தம் தொகுதியிலேயே தோற்றார். எட்டாண்டு விருந்துச் சாப்பாட்டை ஒரே அறிவிப்பில் வாந்தியெடுக்க வைத்த கட்சி என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம், பொய்யாகாது.

வென்ற லிபரல் கட்சியைப் புனிதராக்கவும் வழியில்லை. பெற்றோர் விண்ணப்ப வரம்பை இரட்டிப்பாக்குவோம் என்று 2015-ல் வாக்குறுதி தந்து, அதை நிறைவேற்றியும் காட்டிய கட்சி, பத்தாண்டு கழித்து 2025 ஜனவரியில் அதே திட்டத்தில் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வீட்டு வாடகை ஏறி, பழி குடியேறியவர் தலையில் விழுந்தபோது, ஆண்டு இலக்கை 5 லட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைத்ததும் அந்த அரசேதான்.

இடைத்தரகர் கதை தனி. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க 14 வயது போதும். லிபரல் கட்சியில் நீண்ட காலம் குடியுரிமைகூடத் தேவைப்படவில்லை. சங்கத் தலைவர் ஒருவர் நாலு பேருந்தில் ஆள் ஏற்றி வந்தால் தொகுதி கைமாறிவிடும். பாதுகாப்பான தொகுதியில் உட்கட்சித் தேர்தலில் வெல்வதே நாடாளுமன்றத்துக்கு டிக்கெட் எடுப்பதுதான். வெளிநாட்டுத் தலையீடு பற்றி விசாரித்த நீதிபதி மரி-ஜோசே ஓக் ஆணையம், இந்த உட்கட்சித் தேர்தல்கள் அந்நிய அரசுகள் நுழையக்கூடிய வாசல் என்று எச்சரித்தது. 2025 ஜனவரியில் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் புறப்பட்ட லிபரல் கட்சி, குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் மட்டுமே வாக்களிக்கலாம் என்று விதியை இறுக்கியது. இந்தத் தரகில் அதிகம் இழப்பவர் சங்கத்தில் இல்லாத குடியேறிதான். இரவுப் பணி செய்யும் பெண்ணின் பெயரில் யாரோ பேரம் பேசி முடித்திருப்பார்.

சமூகங்களைப் பிரித்துக் கூறுபோடும் வித்தை இந்த வாக்குவேட்டையின் நச்சுக் கிளை. அதில் தேர்ந்த உதாரணம் கனடாவில் இல்லை, லண்டனில் இருக்கிறது. 2016 மேயர் தேர்தலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் சாக் கோல்ட்ஸ்மித்தின் பிரசாரம், பெயர்களை வைத்துப் பிரித்துத் தெற்காசிய வீடுகளுக்குத் தனித்தனிக் கடிதம் அனுப்பியது. தமிழர் வீடுகளுக்குப் போனது, எதிர் வேட்பாளர் சாதிக் கான் இலங்கைப் பிரச்சினையில் வாய் திறக்கவில்லை என்றது, குடும்ப நகைகளுக்கு வரி வரும் என்றும் பயமுறுத்தியது. தமிழரென்றால் ஈழம், தெற்காசியரென்றால் நகைப்பெட்டி என்று முடிவுகட்டிய கடிதம். கான் வென்றார்.

கனடியத் தமிழர் அனுபவத்தில் இந்தப் பழக்கத்தின் நன்மையும் கேடும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களோடு எம்.வி. சன் சீ கப்பல் வந்தபோது ஹார்ப்பர் அரசு அவர்களைத் தடுத்து வைத்து, ஆட்கடத்தல் தடுப்புச் சட்ட மசோதாவையும் கொண்டுவந்தது. 2011-ல் ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் 1988 முதல் இருந்த லிபரல் பிடியை உடைத்து, புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். இந்த வாக்கு யாருடைய பாட்டன் சொத்துமல்ல என்று அன்றைக்குத் தெரிந்தது. 2013-ல் அதே ஹார்ப்பர், இலங்கையின் மனித உரிமை நிலையைக் காரணம் காட்டிக் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டைப் புறக்கணித்தார். 2016-ல் தமிழ் மரபுத் திங்கள் அறிவிப்பு, 2021-ல் ஒன்டாரியோ சட்டமன்றத்தில் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம், 2022 மே 18-ல் அந்த இனப்படுகொலை பற்றி நாடாளுமன்றத்தின் ஒருமனதான தீர்மானம், 2023 ஜனவரியில் ராஜபக்ச சகோதரர்கள் மீது தடை. லிபரல் உறுப்பினர் ஹரி ஆனந்தசங்கரி இன்று பொதுப் பாதுகாப்பு அமைச்சர். தங்கள் இறந்தவர்களுக்கு விளக்கேற்றவே சொந்த மண்ணில் தடை கண்ட மக்களுக்கு இவை அற்பமில்லை. மூன்று கட்சிகளும் போட்டியிட்டதால் கிடைத்தவை இவை.

ஆனால் அதே ஸ்காபரோவில் 1985 முதல் ஓடிய இலகு ரயில் 2023 ஜூலை 24 மாலை தடம்புரண்டது. அத்தோடு அந்த வழி நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்குப் பதில் என்ன கட்டுவது என்பதைப் பத்தாண்டுக்கு மேல் மாற்றி மாற்றி எழுதினார்கள். 2010-ல் இலகு ரயில் திட்டம் ரத்து, 2013-ல் மூன்று நிலையச் சுரங்க ரயில், 2016-ல் ஒரே நிலையம், 2019-ல் மறுபடி மூன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் ஒரு தேர்தல் வந்துபோனது. ஒவ்வொரு தேர்தலிலும் பொங்கல் மேடை இருந்தது. வேட்டியும் ‘வணக்கமும்’ குறைவில்லாமல் வந்தன. பனியில் பேருந்துக்கு நிற்பவர் தமிழராக நிற்பதில்லை, பயணியாக நிற்கிறார். அவரைத் தமிழராக மட்டுமே பார்க்கப் பழகிய கட்சிக்கு அந்தப் பயணி கண்ணில் படுவதில்லை. இதில் கட்சிகளின் குற்றம் பாதி. மேடையில் முன்வரிசைக்குப் போட்டியிட்டு, படம் எடுத்து முகநூலில் போட்டு, இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் திரும்பிய சங்கங்களின் குற்றம் மீதிப் பாதி.

அடுத்த தை மாதமும் வருவார்கள். வரட்டும், சர்க்கரைப் பொங்கலும் கொடுங்கள். கிண்ணம் கையில் இருக்கும்போதே, அம்மாவை அழைக்கும் விண்ணப்பத்துக்கு எத்தனை ஆண்டு, சுரங்க ரயில் எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கட்சிக்காரர் வரும்போது அந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள்.