டெல்ஃபின் செரிக்: தோற்றமும் உழைப்பும்

டெல்ஃபின் செரிக் (ஏப்ரல் 10, 1932 – அக்டோபர் 15, 1990) பிரெஞ்சு நடிகை, ஆவணப்பட இயக்குநர், பெண்ணியச் செயல்பாட்டாளர். அவரது வாழ்க்கையை 1960களின் கனவு நாயகி என்றும் 1970களின் போராளி என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். ஆனால் அவரது படங்களை வரிசையாகப் பார்த்தால், ஒரே நடிப்புமுறை வெவ்வேறு நோக்கங்களுக்குப் பயன்பட்டிருப்பதைக் காணலாம்.

திரை வாழ்க்கை

தொல்லியலாளர் ஆன்றி செரிக்கின் மகளாகப் பெய்ரூட்டில் பிறந்தார். பிரான்சில் நாடகம் பயின்றபின் நியூயார்க்கின் ஆக்டர்ஸ் ஸ்டுடியோவில் பயிற்சி பெற்றார். அலென் ரெனே இயக்கிய 'கடந்த ஆண்டு மரியன்பாத்தில்' (1961) அவரைப் புகழ்பெறச் செய்தது. அதில் அவரது பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை. சென்ற ஆண்டே நாம் சந்தித்தோம் என்று ஓர் ஆண் வற்புறுத்திக்கொண்டே இருக்க, அவர் நின்றும் திரும்பியும் மறுத்தும் அதை எதிர்கொள்கிறார். நிதானமான அசைவும் தாழ்ந்த குரலும் அவரது அடையாளமாயின.

ரெனேயின் அடுத்த படமான 'முரியல்' (1963) அந்த அடையாளத்தை உடனே கலைத்தது. பழைய மரச்சாமான்களைத் தன் வீட்டிலேயே வைத்து விற்கும், தன்னைவிட வயது முதிர்ந்த பெண்ணாக நடித்து, வெனிஸ் விழாவில் சிறந்த நடிகைக்கான விருது பெற்றார். ஆயினும் திரையுலகம் மரியன்பாத் பெண்ணையே விரும்பியது. த்ரூஃபோவின் 'திருடிய முத்தங்கள்' (1968) படத்திலும் இளைஞன் வியந்து பார்க்கும் சீமாட்டியாகவே வந்தார்.

1975ஆம் ஆண்டு

அவரை மதிப்பிட 1975இல் வெளியான இரு படங்கள் முக்கியமானவை. மார்கெரித் துராவின் 'இந்தியா சாங்' 1930களின் கல்கத்தாவைக் கதைக்களமாகக் கொண்டு பிரான்சில் எடுக்கப்பட்டது. தூதரின் மனைவியாக வரும் செரிக் அதில் வாயசைத்துப் பேசுவதே இல்லை. குரல்கள் காட்சிக்கு வெளியிலிருந்து வருகின்றன.

ஷான்டால் ஆக்கர்மானின் 'ழான் தீல்மான்' 201 நிமிடப் படம். பிரஸ்ஸல்ஸில் மகனுடன் வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்களைச் சொல்கிறது. அவர் சமைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், பிற்பகல்களில் பணத்துக்காக ஆண்களை வரவேற்கிறார். மரியன்பாத்தில் அழகாகத் தெரிந்த அதே நிதானம் இங்கே உழைப்பின் ஒழுங்காகிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோகும்போது நமக்குப் பதற்றம் ஏற்படுகிறது. செரிக் முகத்தில் எதையும் விளக்குவதில்லை; கைகளின் தாளம் தவறுவதே போதுமானதாக இருக்கிறது. சீமாட்டியாகப் பார்த்துப் பழகிய ஒருவர் செய்வதால்தான், கண்ணில் படாத வீட்டுவேலை இங்கே கண்ணில் படுகிறது. சைட் அண்ட் சவுண்ட் இதழின் 2022 வாக்கெடுப்பில் இப்படம் முதலிடம் பெற்றது.

செயல்பாடு

கருக்கலைப்பு உரிமைக்கான 1971ஆம் ஆண்டின் 343 பெண்களின் அறிக்கையில் செரிக்கும் கையெழுத்திட்டார். 'அழகாயிரு, வாயைத் திறக்காதே' என்று பொருள்படும் அவரது ஆவணப்படம் 1981இல் வெளிவந்தது. ஜேன் ஃபோண்டா, மரியா ஷ்னைடர் உள்ளிட்ட நடிகைகளிடம், ஆணாகப் பிறந்திருந்தால் நடிக்க வந்திருப்பீர்களா என்று அதில் கேட்கிறார். 1982இல் கரோல் ரூசோபுலோஸ், யோவானா வீடர் ஆகியோருடன் இணைந்து பாரிஸில் சிமோன் தெ பொவார் ஒலி-ஒளி மையத்தை நிறுவினார்.

மதிப்பீடு

பெயரற்ற பெண்ணாகத் திரையில் நின்றவர், பின்னாளில் பிற நடிகைகளைத் தம் பெயரிலேயே பேச வைத்தார். அந்த ஆவணப்படத்தின் கேள்விகள் வெளியிலிருந்து வந்த கொள்கையாக ஒலிக்காததற்குக் காரணம், அவை அவரது சொந்தத் தொழிலிலிருந்து எழுந்தவை என்பதே. 'மரியன்பாத்'தையும் 'ழான் தீல்மா'னையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இது எளிதில் விளங்கும்.