யூலியற்றின் தனிமை

ஆதர் புறூக் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1562 இல் வெளியிட்ட நெடுங்கதைப்பாடலே சேக்ஸ்பியரின் ‘றோமியோவும் யூலியற்றும்’ நாடகத்துக்கு முதனூலாகும். பெற்றோரும் பெரியோரும் கூறும் அறிவுரையைப் புறக்கணித்து இச்சைவழிச் சென்ற காதலர் எய்திய கேடு இதுவென, அப்பாடலின் முன்னுரையிலே புறூக் வாசகரை எச்சரிக்கின்றார். ஏறத்தாழ 1595 இல் இக்கதையை நாடகமாக்கிய சேக்ஸ்பியர் நிகழ்ச்சிகளைப் பெரிதும் மாற்றினாரல்லர். ஆயினும், ஒரு சிறுமியைப் பெரியோர் ஒருவர்பின் ஒருவராகக் கைவிடும் கதையாக அது அவர் கையில் உருமாறிவிட்டது.

இந்நாடகம் தற்செயலால் விளைந்த துன்பியல் என்பது பழகிப்போன கருத்து. கொள்ளைநோய் அச்சத்தாற் கதவடைக்கப்பட்ட வீட்டில் ஒரு துறவி அகப்பட்டுக்கொள்ள, மாந்துவாவுக்குச் செல்லவேண்டிய கடிதம் செல்லாதொழிகிறது. அதனால் இருவர் மாள்கின்றனர். 1904 இல் வெளிவந்த தமது நூலில் பிறட்லி நான்கு பெருந்துன்பியல்களை விரிவாக ஆராய்ந்தபோது இந்நாடகத்துக்கு அவ்வரிசையில் இடமளிக்கவில்லை. ஆனால், அக்கடிதம் எழுதப்படவேண்டிய நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதே முதலில் எழவேண்டிய வினா. உயிரற்றவள்போற் கிடந்து கல்லறையிற் புகுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலைக்கு யூலியற்றைத் தள்ளியது தற்செயலன்று.

முதனூலிலிருந்து சேக்ஸ்பியர் செய்த இரு மாற்றங்கள் ஈண்டு மனங்கொளத்தக்கவை. புறூக்கின் நாயகிக்கு வயது பதினாறு; சேக்ஸ்பியரின் யூலியற்றுக்குப் பதினான்கு நிறையவில்லை. புறூக்கிடம் மாதக்கணக்கில் நீளும் கதை, நாடகத்தில் ஞாயிறு தொடங்கி ஐந்து நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. சிறுமியின் வயதைக் குறைத்து, அவளுக்குக் கிட்டும் காலத்தையும் குறைத்தவர், அவளைச் சூழ்ந்த முதியோரின் பொறுப்பைக் கூட்டியவராகிறார்.

தந்தை கப்பியூலற்றின் போக்கை நோக்குவோம். முதலங்கத்தில் பெண்கேட்டு வரும் பாரிஸிடம், இரு கோடைகள் பொறுக்குமாறும் மகளின் மனத்தை வெல்லுமாறும் கூறுபவர் அவர். தமது இசைவு அவளது விருப்பத்தின் ஒரு பகுதி மட்டுமே என்கிறார். சொல்லளவில் இதனினும் நல்ல தந்தையைக் காண்டலரிது. ரைபோல்ற் கொலையுண்டபின் அவளைக் கேளாமலே வியாழனன்று திருமணமென நாட்குறிக்கிறார். அவள் மறுக்கவே தெருவிற் பிச்சையெடுத்துச் சாகட்டும் எனச் சீறுகிறார். அவள் பணிந்ததாக நடித்ததும் மகிழ்ச்சி மிகுதியால் திருமணத்தைப் புதனுக்கு முன்தள்ளுகிறார். அவரது கோபத்தைப் போலவே மகிழ்ச்சியும் மகளுக்குக் கேடாக முடிகிறது. தாயைப்பற்றி மிகுதியாகக் கூறுவதற்கில்லை. மகளுடன் தனித்துப் பேசவெனச் செவிலியை வெளியே அனுப்பிவிட்டு, மறுகணமே அவளைத் திருப்பியழைக்கும் தாய் அவள்.

உண்மையில் நாடகத்தின் திருப்புமுனை செவிலியிடத்தே உள்ளது. மேடையில் அவள் நகைச்சுவைப் பாத்திரமாகவே பெரும்பாலும் நடிக்கப்படுகிறாள். இது நாடகத்துக்கு இழைக்கப்படும் அநீதி என்பது என் எண்ணம். தன் சொந்த மகள் சூசன் இறந்துபோக, அதே வயதினளான யூலியற்றுக்குப் பாலூட்டியவள் அவள். நிலநடுக்கம் நிகழ்ந்த நாளில் முலைக்காம்பிற் கசப்புத் தடவிப் பால்மறக்கச் செய்ததை அவள் நினைவுகூரும் நெடும்பேச்சிற் குழந்தையின் ஒவ்வோர் அசைவும் பதிந்துள்ளது. காதலுக்குத் தூது சென்றவளும் நூலேணி கொணர்ந்தவளும் அவளே. பெற்றோர் சினந்து அகன்றபின் ஆறுதல் வேண்டி யூலியற் அவளிடம் திரும்புகிறாள். நாடுகடத்தப்பட்ட றோமியோ இனி மீளான், பாரிஸை மணப்பதே நன்று என்கிறாள் செவிலி. உள்ளத்திலிருந்துதான் பேசுகிறாயா என யூலியற் வினவ, ஆம் என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. உலகியலறிந்த அன்பு வேறெதையும் சொல்லவும் மாட்டாது. காதல் என்பது அவளுக்கு ஒருவன் போனால் மற்றொருவன் என்ற அளவினது. பாலூட்டியவள் தன்னை அறிந்தவளல்லள் என்பதை அக்கணத்தில் யூலியற் உணர்கிறாள். பெருங்கூச்சலின்றி அவ்வுறவு அறுகிறது. அன்றிரவு மருந்தைக் கையிலேந்தியவள் அச்சத்தால் செவிலியை அழைக்க வாயெடுத்து, இங்கே அவளால் ஆவது யாதெனத் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அவளது வளர்ச்சி முழுவதையும் அவ்வொரு தயக்கத்திற் காணலாம்.

றோமியோவுக்கு இத்தனிமை இல்லை. அவனுக்குத் தெருவும் தோழரும் உண்டு. ஓடிச்செல்ல மாந்துவாவும் உண்டு.

எஞ்சியவர் லோறன்ஸ் துறவி. இரு குடும்பங்களின் பகையும் தீருமென்ற நல்லெண்ணத்துடனேயே மணத்தை நடத்திவைத்தார். ஆனால் வாய்திறந்து உண்மை கூறவேண்டிய நேரத்தில் நாற்பத்திரண்டு மணிநேரம் உறங்கவைக்கும் மருந்தை நாடுகிறார். கல்லறையில் யூலியற் விழிக்கும்போது அருகிலிருந்தும், காவலர் அரவங்கேட்டு அவளைப் பிணங்களிடையே விட்டு ஓடுகிறார். இறுதியாகக் கைவிடுபவர் அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே துணைவர்.

பின்னர் பகைகொண்ட தந்தையர் கைகுலுக்குகின்றனர். யூலியற்றுக்குப் பசும்பொன்னிற் சிலை எடுப்பேன் என்கிறார் மொன்ரேகு. றோமியோவுக்கும் அதற்கீடான சிலை அமையும் என்கிறார் கப்பியூலற். இது இணக்கமா, செல்வப்போட்டியின் தொடர்ச்சியா என ஐயுற இடமுண்டு. நாற்பது பொற்காசு கொடுத்து நஞ்சு வாங்கிய றோமியோ, தான் கொடுத்த பொன்னே இரண்டிலும் கொடிய நஞ்செனக் கூறிச் சென்றது சற்று முன்னர்தான். அச்சொல்லைக் கேட்ட வறிய மருந்துக்கடைக்காரன் மாந்துவாவில் இருக்கிறான். வெறோனாவில் அதைக் கேட்டவர் எவருமில்லை.