புள்ளிக் கணக்கு

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பையன் என்று சொன்னாலும் வயது இருபத்து நான்கு ஆகிறது. தினமும் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவன். சென்ற மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். கதை எழுதியிருக்கிறானோ என்று கொஞ்சம் பயந்துதான் பிரித்தேன். கதை இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கட்டம். இடது ஓரத்தில் ‘நாலரைக்கு எழுந்திருத்தல்’, ‘கோபம் தவிர்த்தல்’, ‘பொய் சொல்லாமை’, ‘இருபது பக்கம் படித்தல்’ என்று வரிசையாக லட்சியங்கள். மேலே தேதிகள். தவறிய நாளில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி இல்லாத கட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“மூணு மாசமா எழுதறேன் சார். புள்ளி குறையவே இல்லை. என்கிட்டதான் ஏதோ கோளாறு” என்றான்.

எதைப் படித்துவிட்டு இதை ஆரம்பித்தாய் என்று கேட்டேன். இரண்டு புத்தகங்களைச் சொன்னான். ஒன்று பெஞ்சமின் பிராங்க்ளினின் சுயசரிதை. மற்றது வ.உ.சிதம்பரம் பிள்ளை தமிழாக்கிய ‘மனம்போல வாழ்வு’. இரண்டும் என் அலமாரியில் இருப்பவை. அந்தப் பையனை முன்னிட்டு மறுபடியும் எடுத்துப் படித்தேன். படித்ததில் தோன்றிய அபிப்பிராயம்தான் இது.

கட்டம் போடும் வித்தைக்கு மூலபுருஷர் பிராங்க்ளின். இளமையில் பதின்மூன்று குணங்களைப் பொறுக்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கவனம் செலுத்தி, பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நான்கு சுற்று என்று திட்டம் போட்டார். சொல்லக் கேட்டால் பெரிய அசட்டுக் காரியமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியை அவர் எழுதியது 1784இல், எழுபத்தெட்டாவது வயதில். கிழவர் தம் வாலிபத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். பழைய புள்ளிகளை அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகிவிட்டதாம். பிறகு துடைத்து எழுத வசதியாகத் தந்தத் தகட்டுக்கு மாறினாராம். பொருளைப் பொருளிருக்கும் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் கடைசிவரை அவருக்கு வரவேயில்லை. இதற்கு ஒரு கோடரிக் கதை சொல்கிறார். கோடரி முழுவதும் பளபளக்க வேண்டும் என்று கேட்டவனைக் கொல்லன் சாணைச் சக்கரம் சுற்றச் சொன்னான். சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்தவன், புள்ளி புள்ளியாக இருக்கும் கோடரிதான் எனக்குப் பிடிக்கும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இந்தச் சிரிப்புத்தான் அந்த அத்தியாயத்தின் உயிர். முன்னேற்றப் புத்தகம் எழுதுகிறவர்கள் கட்டத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு சிரிப்பை விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டம்தான் நம் பையன் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

‘மனம்போல வாழ்வு’ வேறு ஜாதி. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் எழுதிய சிறு நூல் அது. மனிதனின் எண்ணமே அவனுடைய சூழ்நிலையாகிறது என்பது சித்தாந்தம். அழகான வாக்கியங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒரு சங்கடம். புத்தகம் முழுவதும் தேடினாலும், முகத்தோடும் ஊரோடும் ஒரு மனிதன் அகப்படவில்லை. முயன்று தோற்றேன் என்று ஆசிரியரும் ஓரிடத்திலாவது சொல்லவில்லை. தோற்றவன் இல்லாத புத்தகத்தை நான் எப்படி நம்புவது?

அப்படியானால் வ.உ.சி. ஏன் இதை எடுத்துத் தமிழாக்கினார்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அவர் கப்பல் கம்பெனி நடத்தியவர். 1908இல் இரண்டு ஆயுள் தண்டனை, சேர்த்து நாற்பது வருஷம் என்று தீர்ப்பு வாங்கியவர். பின்னால் அது குறைந்தாலும், 1912 இறுதியில்தான் வெளியே வந்தார். இந்தச் சிறைவாசத்தின்போது, 1909இல் வந்தது இந்த மொழிபெயர்ப்பு. கப்பல் போய், வக்கீல் தொழில் போய், உடம்பும் சர்க்காருக்குச் சொந்தமாகிச் செக்கிழுத்த மனிதருக்கு மனம் ஒன்றுதான் மிச்சம். எல்லாம் மனத்தில் இருக்கிறது என்ற வாக்கியம் அந்த இடத்தில் விடுதலை. அதே வாக்கியத்தைக் கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் குமாஸ்தாப் பையனிடம் சொல்லுங்கள், குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. உன் சம்பளம் குறைவா? உன் எண்ணம் குறைவு. உனக்கு வியாதியா? உன் நினைப்பு நோயாளி. ஆலன் உடம்பின் நோய்க்கும் எண்ணத்தையே காரணம் காட்டுகிறார்.

இதை எழுதும் என் வீட்டிலிருந்து அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். ஒரு ஊரின் ஸ்டேஷனுக்கே ஆஸ்பத்திரியின் பெயர். 1928இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக அதை ஆரம்பித்தார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் 1917இல் கணித மேதை ராமானுஜன் தங்கிச் சிகிச்சை பெற்றார். காசம் கிருமியால் வருவது என்று 1882லேயே காக் நிரூபித்துவிட்டார். ராமானுஜன் தப்பாக எண்ணியதால் இருமினார் என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வராதா?

காசநோயாளிக்கும் கணக்கு உண்டு. காய்ச்சல் எத்தனை, எடை எத்தனை என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தாளில் காய்ச்சல் ஏறினால் வைத்தியர் மருந்தைப் பார்க்கிறார், நெஞ்சைப் பார்க்கிறார். நோயாளிக்குக் கறுப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போவதில்லை. காரணத்தைத் தேடத்தான் கணக்கு.

கணக்கெழுதித் தேறியவர் நம்மிடையேயும் ஒருவர் உண்டு. லண்டனில் படித்த காலத்தில் காந்தி, பஸ் சத்தம், தபால் தலை, பத்திரிகைக் காசு உள்பட ஒவ்வொரு செலவையும் இரவில் எழுதிக் கூட்டிவிட்டுத்தான் படுத்தார். கூட்டிப் பார்த்ததால் செலவைப் பாதியாக்க முடியும் என்று தெரிந்தது. ஜாகை மாற்றினார், நடந்தார். அதே காந்தி அதற்கு முன் கனவானாக ஆவதென்று தீர்மானித்து, நடன வகுப்பில் மூன்று பவுன் கட்டி, மூன்று பவுனுக்குப் பிடிலும் வாங்கினார். தாளம் பிடிபடவில்லை. சுமார் மூன்று மாதத்தில் மோகம் தெளிந்து, பிடிலை விற்றுத் தரும்படி ஆசிரியையிடமே கேட்டுக்கொண்டார். ‘சத்திய சோதனை’யில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவை. எது எண்ணிப் பார்க்கக் கூடியது, எது விட்டுவிட வேண்டியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தோல்வியைச் சொல்லவும் கூசவில்லை.

வ.உ.சி.யின் சிறைக்காலத்தை அறிய விரும்புகிறவர்களுக்கும் என் யோசனை இதுதான்: மொழிபெயர்ப்போடு நிற்காமல், அவர் அகவலில் எழுதிய சுயசரிதையையும் படியுங்கள். ஆலனிடம் காணாத மனிதன் அதில் இருக்கிறார்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். “பக்கக் கணக்கை வைத்துக்கொள். கோபத்துக்குப் புள்ளி வேண்டாம். யாரிடம், எப்போது, எதற்கு என்று நாலு வரி எழுது” என்றேன்.

பத்து நாள் கழித்து வந்தான். கோபங்கள் எல்லாம் அநேகமாக அம்மாவிடம். எல்லாம் காலை ஏழு மணிக்கு முன். அலுவலகம் முடிந்து அவன் வீடு திரும்புவது இரவு பதினொன்றுக்கு. நாலரைக்கு எழுந்த தூக்கக் கலக்கத்தில் அம்மாவைக் கடிந்திருக்கிறான். முதல் லட்சியம் இரண்டாவது லட்சியத்தைத் தின்றுகொண்டிருந்தது! மூன்று மாதம் புள்ளி வைத்தும் இது தெரியவில்லை.

“இப்போ ஆறு மணிக்குத்தான் எழுந்திருக்கறேன் சார்” என்றான், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி.

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்தான்.