கீழ்விரி பட்டியலும் வகைப்படுத்தும் அதிகாரமும்

இணையத்தளங்களின் தலைப்பகுதியில் அமையும் கீழ்விரி பட்டியலை, அதாவது ‘மெனு’வை, வெறும் தொழினுட்ப ஏற்பாடாகக் கொள்வதே வழக்கம். ஆயின், பட்டியலிடுதல் என்பது பொருள்களை வகுத்துப் பெயரிடும் செயலாகும். யாருடைய நோக்கில் அவை வகுக்கப்படுகின்றன, எது வெளியே தெரிகின்றது, எது உள்ளே மறைகின்றது என வினவத் தொடங்கியதும் அது சமூகவியல் நோக்குக்கு உரியதாகிவிடுகின்றது. இலக்கியத்தில் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்குமுள்ள உறவை ஆராயும் நாம், இதனையும் அவ்வாறே அணுகலாம்.

இவ்வுருவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1983இல் வெளிவந்த அப்பிள் லீசா, 1984இல் வெளிவந்த மக்கின்தொஷ் ஆகிய கணினிகள் இதனைப் பலரறியச் செய்தன. மக்கின்தொஷின் திரை ஒன்பது அங்குலமே. அச்சிறு பரப்பில் கட்டளைகளைத் தலைப்புகளின் கீழ் ஒடுக்கிவைத்தல் இடத்தைச் சிக்கனப்படுத்திற்று. அக்கணினியில் நாள்தோறும் பணியாற்றியவர் அவற்றின் இடங்களைப் பழக்கத்தால் அறிந்துகொண்டார். இணையத்தளத்துக்கு வருபவரோ பெரும்பாலும் புதியவர். மறைந்திருப்பது எத்தலைப்பின் கீழ் உள்ளதென்பதை அவர் ஊகிக்கவேண்டியுள்ளது. சூழல் மாறியபின்னும் உருவம் மாறாது தொடர்ந்தமையே இங்குள்ள முரண்பாடாகும்.

சுட்டி மேலே படும்போது விரிந்து, சற்றே விலகியதும் மூடிக்கொள்ளும் பட்டியல், நடுங்கும் கையினரை வெளியே நிறுத்திவிடுகின்றது. தொடுதிரையில் விரலுக்கு அவ்வாறு மேலே தரித்துநிற்கும் நிலையே இல்லை. சுட்டியை விரிந்த பகுதிக்கு நகர்த்தும்போது அப்பகுதி மறைந்துவிடலாகாது என்பது, இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பான 2.1இலேயே தனி விதியாக இடம்பெற்றது. அதுவரை வடிவமைப்பாளர் பலர் மனங்கொண்டிருந்த ‘பொதுப் பயனர்’, உண்மையில் உறுதியான கையும் கூரிய பார்வையும் கொண்ட ஒரு பகுதியினரே என்பதை இது புலப்படுத்துகின்றது.

வகைப்பாட்டின் அரசியலுக்குப் பிரித்தானிய அரசின் இணையத்தளம் தக்க சான்றாகும். 2012இல், முன்னிருந்த டைரக்ட்கவ் தளத்துக்குப் பதிலாகக் கவ்.யுகே நிறுவப்பட்டது. அரசின் தேவையிலிருந்தன்றிப் பயனரின் தேவையிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அதனை உருவாக்கியோரின் முதற் கோட்பாடு. வேலையிழந்தவர் தமது இடரை அறிவார். அதற்குரிய திணைக்களத்தின் பெயரை அறியார். நிர்வாகப் பிரிவுகளையே தலைப்புகளாக்கும் பட்டியல், அதிகாரத்தின் உள்ளமைப்பைக் குடிமக்கள் கற்றுவருமாறு பணிக்கின்றது. இதனை மாற்ற முயன்றமை முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. படிவங்களில் வரும் கீழ்விரி தெரிவுப் பெட்டியைப் பயனர் சிலர் பெரிதும் இடர்ப்பட்டே கையாளுகின்றனர் என்பதால், அதனை வேறு வழியில்லாதபோது மட்டுமே பயன்படுத்துமாறு அத்தளத்தின் வடிவமைப்பு நெறிகளும் கூறுகின்றன.

எனினும், உருவத்தின் சீர்திருத்தம் உள்ளடக்கத்தின் சீர்திருத்தமாகிவிடாது. 2013இல் அந்நாட்டில் தொடங்கிய யுனிவேர்சல் கிறெடிட் என்னும் நலன்புரித் திட்டத்துக்குப் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தபின் முதற் கொடுப்பனவுக்கு வழமையாக ஐந்து வாரங்கள் காத்திருக்க வேண்டும். இடையில் முற்பணம் பெறலாம். அதுவும் பின்னர் கழிக்கப்படும் கடனே. பக்கத்தை எளிதிற் கண்டடைந்தவருக்கும் இக்காத்திருப்புக் குறைவதில்லை.

இதிலிருந்து, உருவம் அற்பமானது என முடிவுசெய்தல் வரட்டுவாதமாகும். பட்டியல் மூடிக்கொண்டதால் விண்ணப்பத்தைக் கைவிட்ட முதியவர் இழப்பது தமது உரிமையையே. மறுபுறம், பயன்பாட்டு எளிமையையே மக்கள் நலமெனக் காட்டுதல் உருவவாதமாகும். தேடுபவர் தேடியதைக் கண்டடைகின்றாரா என்று கேட்பதோடு, கண்டடைந்த இடத்தில் அவருக்கு என்ன வழங்கப்படுகின்றது என்றும் கேட்க வேண்டும். இவ்விரு வினாக்களையும் ஒருசேர எழுப்புவதே விமரிசனத்தின் பணியென நாம் கருதுகின்றோம்.