விடுகதையும் கட்சிக் கண்ணும்

கணினி விளையாட்டு வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவோர் நம்முள் பலர். அமெரிக்கரான லூக்காஸ் போப் ஆக்கி, 2018இல் வெளிவந்த ‘ஒப்ரா தின்னின் மீள்வருகை’ அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. 1803இல் காணாமற்போன வணிகக் கப்பலொன்று 1807இல் ஆளின்றித் திரும்புகிறது. அதில் சென்ற 60 பேரும் யாவர், என்ன ஆயினர் என ஆடுவோர் ஏட்டில் குறிக்க வேண்டும். பேச்சின் சாயலும், உடையும், உறங்கிய தூளியின் எண்ணுமே சான்றுகள். மூவரைப் பற்றிய முடிவுகள் சரியாக அமைந்தாலன்றி ஏடு உறுதி கூறாது. எனவே ஊகம் எளிதில் வெல்லாது. பிழையைத் திருத்திக்கொள்வதும் இழுக்கன்று.

இதை ஆடியபின் போப்பின் தாய்நாட்டுக் கட்சி அரசியலை எண்ணாதிருக்க இயலவில்லை. 2020 அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து 60க்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன; ஏறத்தாழ அனைத்தும் தோற்றன. ஆயினும் குடியரசுக் கட்சியினருள் பெரும்பாலோர் முடிவை நம்பவில்லை. 2021 சனவரி 6இல் நாடாளுமன்றக் கட்டடமே தாக்கப்பட்டது. கட்சி முந்தியது, சான்று பிந்தியது.

விளையாட்டின் குறையும் இங்கேதான் புலப்படுகிறது. அதில் விடையறிந்த ஏடொன்று உண்டு. அதன் சொல்லை எவரும் மறுப்பதில்லை. நாட்டிலோ தீர்ப்பையே ஐயுறலாம். சான்று தேடும் கூர்மையை விளையாட்டு தரும். தனக்கு மாறான சான்றை ஏற்கும் நேர்மையைத் தராது. அதனை மாணவரிடம் வளர்ப்பது ஆசிரியரின் கடன்.