கெட்டி டிகாக்ஷனும் காப்பிப் பாகும்

பாலில் கலந்து உடனே குடிப்பதற்கென்று இறக்குகிற டிகாக்ஷன் ஒரு ஜாதி. சர்க்கரையோடு கூட்டிப் பாகாக்கிப் புட்டியில் அடைத்து, சித்திரை வெயிலில் குளிர்ந்த பாலில் விட்டுக் குடிப்பதற்கென்று இறக்குகிற டிகாக்ஷன் முற்றிலும் வேறு ஜாதி. முன்னதற்குப் பாலின் தயவு உண்டு. டிகாக்ஷன் சற்று நீர்த்துப் போயிருந்தாலும், பால் கள்ளிச்சொட்டாக அமைந்துவிட்டால் குறை வெளியே தெரிவதில்லை. பின்னதற்கு அப்படிப்பட்ட புகலிடம் எதுவும் கிடையாது. முதலில் சர்க்கரை வந்து அதன் கசப்பில் பாதியை விழுங்கும்; அடுத்தாற்போல் பால் வந்து எஞ்சியதில் பெரும் பங்கை விழுங்கும்; போதாக்குறைக்குப் பனிக்கட்டியின் குளிர்ச்சி வேறு நாக்கை மரத்துப்போகச் செய்து வாசனையையும் அடக்கிவிடும். இத்தனை சோதனைகளையும் கடந்து வந்த பிற்பாடும், தம்ளரை வாயருகே கொண்டுபோன மாத்திரத்தில் இது காப்பிதான் என்று சந்தேகமறத் தெரிய வேண்டுமானால், அந்த டிகாக்ஷன் ஆரம்பத்தில் எவ்வளவு வீரியத்தோடு புறப்பட்டிருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கெட்டி டிகாக்ஷன் வேண்டும் என்றவுடன் பெரும்பாலோர் செய்கிற காரியம், வழக்கமாக இறங்குகிற டிகாக்ஷனை அடுப்பிலேற்றிச் சுண்டக் காய்ச்சுவதுதான். அது கறுத்து, கெட்டித்து, கரண்டியில் ஒட்டிக்கொண்டு, காரியம் கைகூடிவிட்டது போன்ற ஒரு மயக்கத்தை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்போது வீடெல்லாம் கமகமவென்று மணக்கிறதே, அந்த மணம் அத்தனையும் பாத்திரத்தை விட்டு வெளியேறிவிட்ட மணம் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆவியோடு பறந்து போவது தண்ணீர் மட்டுமன்று. காப்பியின் பிராணனாக இருக்கிற நுட்பமான வாசனைப் பொருள்கள் தண்ணீருக்கு முந்திக்கொண்டு போய்விடுகின்றன. பின்தங்கி நிற்கிற குளோரோஜெனிக் அமிலமோ நீடித்த சூட்டில் சிதைந்து குயினிக் அமிலமாகவும் காஃபீக் அமிலமாகவும் பிரிந்துபோக, நல்ல கசப்பு இருந்த ஸ்தானத்தில், அடிநாக்கைச் சுருக்குகிற ஒரு புளித்த கசப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி மறுபடி சுடவைத்த டிகாக்ஷனில் கலந்த காப்பியை மரியாதையின் பொருட்டுக் குடித்து முடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஆகவே காப்பியின் வலிமை ஃபில்டரிலேயே பிறக்க வேண்டும், அடுப்பில் பிறக்கலாகாது என்பதே இந்தக் கலையில் நான் விட்டுக்கொடுக்க விரும்பாத நியமம்.

தருமபுரியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ராகியும் சாமையும் புளியும் மாவும் விளைகிற இந்த வறண்ட சமவெளியைப் பார்க்கிறவர்கள், இங்கே காப்பிக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடும். நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மூச்சு வாங்க வத்தல்மலைக்கு ஏறிப் போனால், சில்வர் ஓக் மரங்களின் நிழலில், அம்மரங்களைத் தழுவிப் படர்ந்த மிளகுக் கொடிகளின் அண்டையிலேயே காப்பிச் செடிகள் காய்த்து நிற்பதைக் காணலாம். மலையாளி என்று வழங்கப்படுகிற மலைக்குடி மக்கள், தங்கள் பூர்விகப் பயிராகிய சாமையை விட்டுவிடாமல், இதையும் ஒரு பயிராக ஏற்றுக்கொண்டு பராமரித்து வருகிறார்கள். தெற்கே சேர்வராயன் மலையில் காப்பி வந்து சேர்ந்த கதை இதைக் காட்டிலும் பழையது. 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் அதைப் பயிரிட்டார் என்பது சரித்திரம். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதிதான் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அதுவரை இதுவும் சேலம் ஜில்லாவே ஆகையால், அந்த மலையின் காப்பிச் சரித்திரத்தில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று சொல்லிக்கொள்வதில் பிசகில்லை.

பாகுக்கென்று கொட்டை வாங்குகிறவர், அன்றாடக் காப்பிக்கு வறுப்பதைவிட ஒரு சாயல் கூடுதலாக வறுத்ததைக் கேட்டு வாங்குவது விவேகம். கொட்டையின் மேல் எண்ணெய் மினுமினுப்பாகக் கசியத் தொடங்குகிற தறுவாய் இருக்கிறதே, அதுதான் அளவு. அதைத் தாண்டி எண்ணெயில் குளித்தாற்போல் கறுத்த கொட்டையில் காப்பியின் ருசி போய்க் கரியின் ருசி வந்துவிடும். பழத்தோலோடு வெயிலில் உலர்த்திய கொட்டை, எந்த மலையில் விளைந்ததானாலும், தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய கொட்டையைக் காட்டிலும் சாரம் மிகுந்தும் சற்று முரட்டு சுபாவத்தோடும் இருக்கும். காலை நேரத்து நாசூக்கான காப்பிக்கு அந்த முரட்டுத்தனம் ஒருவேளை ஆகாது. சர்க்கரையோடு மல்லுக்கு நிற்க வேண்டிய டிகாக்ஷனுக்கு அதுவே பலம்.

இனி சிக்கரி. நூற்றுக்கு 49 பங்கு வரையில் சிக்கரி கலக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. கலந்த அளவை உறையின்மேல் அச்சிட்டால் போதும். சிக்கரியின் குணம் என்னவென்றால், காப்பித் தூளில் தண்ணீரில் கரையக்கூடிய அம்சம் மூன்றில் ஒரு பங்கையும் எட்டாதிருக்க, சிக்கரியோ பாதிக்கு மேல் கரைந்துபோய் டிகாக்ஷனுக்கு நிறத்தையும் கனத்தையும் சுலபமாகக் கொடுத்துவிடும். அன்றாடக் காப்பியில் ஓரளவு சிக்கரியை நான் ஆட்சேபிக்கிறவன் அல்லன். சிக்கரி இல்லாத கும்பகோணத்துக் காப்பியைக் கற்பனை செய்வதுகூடக் கஷ்டம். ஆனால் பாகில் கனத்தைக் கொடுக்கச் சர்க்கரையே இருக்கிறது. அதற்குமேல் இன்னொரு கனம் எதற்கு? அங்கே வேண்டியது மணம். அது சிக்கரியிடம் இல்லை. பாகுக்கு இறக்குகிற டிகாக்ஷனில் சிக்கரி ஒரு சிட்டிகையும் கூடாது என்பது என் அபிப்பிராயம், மாறுபடுகிறவர்கள் மாறுபடலாம்.

ஃபில்டரைப் பற்றி நிதானமாகவே சொல்ல வேண்டும். பித்தளையோ எவர்சில்வரோ, அடியில் துளையிட்ட மேல்பாத்திரம், டிகாக்ஷன் இறங்குகிற கீழ்ப்பாத்திரம், காம்பு வைத்த அமுக்குத் தட்டு, ஒரு மூடி, இவ்வளவுதான் அதன் சம்பத்து. வியட்நாமில் ஃபின் என்றொரு சிறு பாத்திரத்தை வைத்துக்கொண்டு இதே தத்துவத்தில் சொட்டுச் சொட்டாகக் காப்பி இறக்கி, கெட்டிப்படுத்திய இனிப்புப் பாலின்மேல் விட்டுக் குடிக்கிறார்கள். நம்முடைய ஃபில்டருக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். இவ்வளவு எளிய கருவியில் குற்றம் வருவதென்றால் அது பெரும்பாலும் துளைகளில்தான் வரும். நாளடைவில் நுண்ணிய தூளும் எண்ணெய்ப்பசையும் இறுகிப் பாதித் துளைகள் அடைபட்டுப் போக, மீதித் துளைகளின் வழியே மட்டும் நீர் இறங்குவதால், ஓரிடத்துத் தூள் அளவுக்கு மீறிச் சாரமிழக்கவும் மற்றோரிடத்துத் தூள் நனைந்ததோடு நின்றுவிடவும் நேர்கிறது. மேல்பாத்திரத்தின் அடியை நேரே தழலில் காட்டி, அடைப்பு கருகிப் பொரிந்து உதிர்கிற வரையில் பிடித்து, ஆறியபின் தட்டி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், துளைகள் அத்தனையும் நட்சத்திரங்கள் போலப் பளிச்சிட வேண்டும். தெளிவில்லாத ஒரு துளை தென்பட்டாலும் ஊசி முனையால் குத்திவிட்டுத்தான் மேற்கொண்டு காரியத்தில் இறங்க வேண்டும்.

அளவு என்று கேட்பவர்களுக்கு: தூள் 80 கிராம், கொதித்து அடங்கிய தண்ணீர் 240 மில்லிலிட்டர். இவ்வளவு தண்ணீர் விட்டும் கீழே இறங்குவது 80-லிருந்து 100 மில்லிலிட்டருக்குள்தான் இருக்கும் என்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். தூள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீரைக் குடித்துத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் சுபாவமுடையது. தூளைப் போட்டு, பாத்திரத்தை இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்தி, அமுக்குத் தட்டை வைத்து ஒரே சீராக அழுத்த வேண்டும். பலத்தையெல்லாம் காட்டி அழுத்தினால் இறங்குவதே நின்றுவிடும், அழுத்தாமலே விட்டால் தடதடவென்று இறங்கி வெளிறிப்போகும். முதலில் தூள் நனைகிற அளவுக்குக் கொஞ்சம் வெந்நீர் விட்டு நிறுத்தினால், புதிதாய் அரைத்த தூளாக இருக்கும் பட்சத்தில், அது நுரைத்து உப்பிச் சிறு குமிழிகளாக மூச்சுவிடுவதைக் காணலாம். உப்பாத தூள் பழந்தூள். அந்த உப்பல் அடங்கியபின் மீதி வெந்நீரைச் சுற்றிலும் வட்டமாக விட்டு மூடிவிட வேண்டியது. அதன்பிறகு காதுக்குத்தான் வேலை. முதற்சொட்டு பித்தளையின் அடியில் விழுகிற ஓசை கணீரென்றிருக்கும். பிறகு டிகாக்ஷன் சேரச் சேர ஓசை மந்தமாகி, ஒரு சொட்டுக்கும் மறு சொட்டுக்கும் இடையே உள்ள அவகாசமும் நீளும். ஓசை அடியோடு நின்றுபோனால் இரண்டு பாத்திரங்களும் இறுகப் பொருந்திக்கொண்டு உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தவிக்கிறது என்று அர்த்தம். மேல்பாத்திரத்தை லேசாகத் திருகித் தளர்த்தினால் மறுபடி இறங்கத் தொடங்கும். இராச் சாப்பாட்டுக்குப் பின் ஃபில்டர் போட்டுவிட்டு விடியற்காலையில் திறந்து பார்க்கிற பழைய குடித்தன வழக்கம், அவசரக்காரர்களைக் காப்பியிடமிருந்து விலக்கி வைப்பதற்கென்றே ஏற்பட்டதோ என்று சில சமயம் எனக்குத் தோன்றும்.

இப்படி இறங்கிய முதல் டிகாக்ஷனைத் தனியே மூடி வைத்துவிட்டு, அதே சக்கையின்மேல் 150 மில்லிலிட்டர் வெந்நீர் விட்டால், ஏற்கெனவே நனைந்து நிற்கும் சக்கை இம்முறை ஒன்றும் பிடித்துக்கொள்ளாமல் விட்டது அத்தனையும் இறங்கிவிடும். இந்த இரண்டாம் டிகாக்ஷனைச் சிக்கனக்காரர்கள் மத்தியானக் காப்பிக்கு வைத்துக்கொள்வார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைக் கலந்து கொடுத்துவிட்டு முதல் டிகாக்ஷனைத் தாங்கள் குடிக்கிற ஓர் அற்பப் புத்தியும் நம் சமூகத்தில் இருந்திருக்கிறது. பாகு காய்ச்சுகிறவருக்கோ இது பெரிய பொக்கிஷம். இதில் பறிகொடுப்பதற்கு வாசனை ஒன்றும் பாக்கியில்லை, நிறமும் கசப்பும்தான் உண்டு. ஆகையால் நெருப்பினால் இதற்கு வரக்கூடிய நஷ்டம் சொற்பம். பாகுக்குச் சாதாரணத் தண்ணீரை விடுவதற்குப் பதிலாக இதை விட்டு, 300 கிராம் சர்க்கரையைப் போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டை வைத்து இழுத்தால் ஒற்றைக் கம்பி வருகிற பதம் வரையில் காய்ச்சி இறக்கிவிட வேண்டும். கொதி அடங்கி, ஆவி தணிந்து, பாத்திரத்தை வெறுங்கையால் தொட முடிகிற சமயம் பார்த்து, மூடி வைத்திருந்த முதல் டிகாக்ஷனை மெல்லிய தாரையாக விட்டுக் கலக்கினால், கம்பிப் பதத்தில் இருந்த பாகு இளகிப் பிசுக்குப் பதத்துக்குத் திரும்புகிறபோதே, அடுப்பின் முகத்தையே பாராத அந்த மணம் முழுசாக அதனுள் போய் அடங்கிவிடும். எடையில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் சர்க்கரை நிற்பதால், ஈரம் படாத புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் கெடாது. குளிரில் சர்க்கரை மணல் மணலாய்ப் பூக்கிறதென்றால், அடுத்த தடவை பாகு கொதிக்கும்போது எலுமிச்சஞ் சாறு சில துளிகள் விடலாம். மிட்டாய்க் கடைக்காரர்கள் அறிந்த உபாயம்தான்.

பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு ஆலைகள் நின்று சர்க்கரை செய்யும் மாவட்டத்தில், வெல்லத்தை மட்டும் மறப்பானேன் என்று சிலர் கேட்பார்கள். கடத்தூர் மண்டிக்கு வருகிற வெல்லம் உயர்ந்த சரக்கு என்பதை மறுக்கவில்லை. வெல்லப் பாகு லேசில் பூக்காது என்ற நன்மையும் உண்டு. ஆனால் வெல்லத்துக்கென்று ஒரு குரல் இருக்கிறது, அது பேசத் தொடங்கினால் காப்பி வாய் திறக்காது. சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. சேர்ப்பவர்கள் மண் தங்காமல் வடிகட்டவும், கொதிக்கிற பாலில் விட்டால் பால் திரிந்துபோகக் கூடுமென்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

காப்பியைப் புட்டியில் அடைக்கிற யோசனை நம்முடையதன்று. ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேம்ப் காப்பி என்று ஒன்று செய்து விற்கத் தொடங்கினார்கள். சர்க்கரையும் சிக்கரிச் சாரமும் காப்பிச் சாரமும் சேர்ந்த அந்தக் குழம்பின் சீட்டில், பாசறைக் கூடாரத்தின் முன்னால் ஸ்காட்லாந்து வீரன் உட்கார்ந்திருக்க, சீக்கிய ஊழியன் தட்டேந்தி நிற்பான். காலம் மாறியபின் அந்தச் சித்திரத்தில் இருவரையும் சரிசமமாக உட்கார வைத்துவிட்டார்கள். புட்டிக்குள்ளே சிக்கரியின் ஆதிக்கம் மட்டும் மாறவில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாகாணத்திலோ காப்பிப் பாகைக் குளிர்ந்த பாலில் கலந்து குடிப்பது பழங்காலப் பழக்கமாகி, 1993-இல் அதையே மாகாணத்தின் அதிகாரபூர்வமான பானமென்று சட்டமியற்றி அறிவித்தார்கள். நாம் நம்முடைய டிகாக்ஷனுக்கு இன்னும் சட்டசபை வரை போகவில்லை.

பரிமாறுவதில் சொல்ல வேண்டியது கொஞ்சமே. எருமைப்பாலைக் காய்ச்சி, ஏடு நீக்கி, நன்றாகக் குளிரவைத்து, உயரமான கண்ணாடித் தம்ளரில் இரண்டு மேசைக்கரண்டிப் பாகை முதலில் விட்டு, பாலை அதன்மேல் மெதுவாகச் சரிக்க வேண்டும். கலக்குவதற்கு முன் ஒரு கணம், அடியில் கருஞ்சிவப்பும் மேலே வெண்மையுமாக நிற்கிற அதைப் பார்த்துவிட்டுக் கலக்குவது நல்லது. பனிக்கட்டி ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டியதில்லை. கோடையில் பெண்ணாகரம் சாலை ஓரத்தில் நுங்கு வாங்கி வருகிற நாளில், இளநுங்கைத் தோல் நீக்கி நறுக்கிக் கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் இந்தப் பாகை ஒரு கரண்டி விட்டுக் கொடுத்துப் பார்க்கலாம். வைதிகக் காப்பிப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், குழந்தைகள் இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள். சூடான பாலில் இதை விட்டு அவசரக் காப்பியாகக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃபில்டர் இருக்கிற வீட்டில் அதற்கு அவசியம் என்ன என்பது எனக்கு விளங்கவில்லை.